பவுனா உட்கார்ந்து சாப்பிட்ட சோறு

கோட்டுக்குள் ஒரு தூக்குப் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு பவுனா பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். இறங்கியவர்கள் கையில் ஆளுக்கொரு கிண்ணம் பீன்ஸ், ஒரு துண்டு ரொட்டி, எரிகிற மெழுகுவத்தி ஒன்று என்று வைத்து, "ஸ்பிரிடோனோட ஆத்துமாவுக்கு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிற என் மேசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிடோன் எங்கள் சந்தையின் பழைய காவல்காரன். ஜிப்ஸிகள் என்று ஊர் சொல்கிற எங்கள் ரோமாப் பெண்களின் பூக்கூடைகளைக் காலால் எத்தி எத்தியே பூட்ஸ் தேய்ந்தவன். அந்தக் குளிர்காலத்தில் பெண்டாட்டி பிள்ளை யாருமில்லாமல் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

"அவன் உனக்கு யாருடி?" என்று கேட்டேன்.

"யாருமில்ல. அவனுக்கும் யாருமில்ல. அதான்," என்றாள். "பேசாம நீயும் ஒரு கிண்ணம் வாங்கு. மேசைக்கு அடியில வச்சுத் தின்னு, சாமியாருக்குத் தெரியாது. வெளியில சொல்லிடாதே டிங்கா. சொன்னா ஊர்ல இருக்கற போக்கிரியெல்லாம் செலவு பவுனாவோடதுன்னு நிம்மதியா செத்துப்போவான்."

எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குப் பசிக்கும். அடக்கம் செய்த அன்றும், நாற்பதாம் நாளும், பிறகு ஏழு வருஷத்துக்கு வருஷம் திரும்பும்போதும் அவர்கள் பெயரைச் சொல்லிச் சோறு போட வேண்டும். போடுகிறவர் இன்னாருடைய ஆத்துமாவுக்கு என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் செத்தவருக்காக "ஆண்டவர் மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாங்க வேண்டும். அந்த வார்த்தை வந்தால்தான் சோறு அந்தப் பக்கம் போய்ச் சேரும். வாயைத் திறக்காமல் வாங்கித் தின்றால் அது வெறும் சாப்பாடு. இந்த ஆத்துமச் சோற்றைச் சமைப்பதுதான் பவுனாவின் தொழில். மலையடிவாரத்தில் எங்கள் ரோமாத் தெருவிலும் சரி, ஆற்றுக்கு அக்கரையில் ரொமேனியர்களின் ஓட்டு வீடுகளிலும் சரி, சாவு விழுந்தால் முதலில் சாமியாருக்கு ஆள் போகும், அடுத்தது பவுனாவுக்கு. சில வீடுகளில் அவளுக்குத்தான் முதலில்.

அவளிடம் மூன்று செம்புக் கொப்பரைகள் உண்டு. பெரியதற்குப் பெயர் கர்னல். நடுவிலிருப்பது மாமியார், சூடாவதற்கு முன்பே சத்தம் போடும் என்பாள். சின்னதைக் குட்டி என்பாள். பின் இருக்கையைக் கழற்றி எறிந்த பழைய டாச்சியா காரில் மூன்றையும் அடுக்கி, புருஷன் ஃபிரு ஓட்ட, தான் முன்னால் உட்கார்ந்து வழி நெடுக அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வருவாள். ஃபிரு கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே கார் ஓட்டுகிறவன். அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே சொல், ஞாயிற்றுக்கிழமைகளில் "ஆமென்."

ஆள் குட்டை, அகலம். ஆண்கள் போடுகிற ஆட்டுத்தோல் கையில்லாச் சட்டைதான் கோடையிலும். காது வளையம் ஒன்றுதான். இன்னொன்று யார் வீட்டிலோ, சோறும் கறியும் வைத்துச் சுருட்டுகிற கோஸ் சுருளுக்குள் போய்விட்டது. அதைக் கண்டெடுத்தவர் இன்றுவரை சொல்லவில்லை, பவுனாவும் கேட்கவில்லை. வெங்காயத்தைத் திட்டிக்கொண்டேதான் நறுக்குவாள். "அழ வைக்கறியா? இது சாவு வீடு, எனக்கு அழ வேற காரணம் இருக்கு, நீ உன் வேலையைப் பாரு!"

எந்த வீட்டுக்குப் போனாலும் உப்பு மட்டும் அவளுடையது. ஒரு சின்னத் துணிப் பை, மாதாவின் பதக்கத்தோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கும். "துக்க வீட்டு உப்பை நம்பக் கூடாது டிங்கா. ஒருத்தி போட்டிருப்பா, மறந்து இன்னொருத்தி போட்டிருப்பா, மேலே கண்ணீர் வேற விழுந்திருக்கும்."

இன்னொரு பழக்கம், அவள் உட்கார மாட்டாள். தன் கையால் ஊருக்கே பந்தி போட்டவள், பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு கொப்பரையின் அடியை ரொட்டியால் துடைத்து, நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். "ஏண்டி, கொஞ்ச நேரம் உக்காரேன்" என்றால், "நான் உக்காந்தா கர்னல் கோவிச்சுக்குவார்" என்பாள்.

இவ்வளவு சிரிப்பும் பேச்சுமாக இருப்பவள், ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு. யார் சொத்தை எடுத்தார்களோ அவர்கள்தான் சோறு போட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கமும் அதுதான். மகனோ மருமகனோ, வீட்டையும் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டவருக்குச் செத்தவரின் பசியும் சேர்ந்தே வருகிறது. லுச்சியான் என்று ஒருவன், மாமனின் பிளம் தோட்டம் கைக்கு வந்த வேகத்தில் அதை விற்றுவிட்டு, நாற்பதாம் நாளை மறந்துபோனான். பவுனா கர்னலைக் கொண்டுபோய் அவன் வீட்டு வாசலில் இறக்கி, காலிக் கொப்பரைக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றாள்.

"என்ன வேணும் உனக்கு?" என்று ஜன்னலிலிருந்து கத்தினான்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் ராசா. உங்க மாமாதான் கேக்கறார். தோட்டம் நல்ல விலைக்குப் போச்சாமே, சோறு எப்பன்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."

"செத்தவர் பேசுவாரா?"

"என்கிட்டப் பேசுவார். உன்கிட்டப் பேச அவருக்கு மனசு விட்டுப்போச்சு."

தெருவே கூடிச் சிரித்தது. சாயங்காலத்துக்குள் லுச்சியான் ஒரு பன்றியையும் ஒரு மூட்டைக் கோஸையும் கொண்டுவந்து இறக்கினான். பவுனா அன்று சமைத்ததுபோல் ஒருநாளும் சமைத்ததில்லை. லுச்சியானே மூன்றாம் முறை கேட்டு வாங்கித் தின்றான்.

ஸ்பிரிடோனைப் போல் வாரிசே இல்லாதவர்களுக்கு அவள் தானே போடுவாள் என்பது பிறகு மெல்ல ஊருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் எங்கள் தெருப் பெண்கள் ஒருநாள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "கண்டவனுக்கெல்லாம் போடறியே, நம்ம பழைய ஆளுங்களுக்கு, மலை மேல அடிமையா கெடந்து செத்தவங்களுக்கு, ஒரு நாள் போட மாட்டியா?"

"மாட்டேன்," என்றாள் பவுனா.

"ஏன்? அவங்களுக்கும்தான் யாருமில்லையே?"

"யாருமில்லையா? அவங்க உழைப்பை எடுத்துக்கிட்டவங்க இருக்காங்களே. மலை மேல, மணி அடிச்சுக்கிட்டு."

ஸ்துபினா கன்னியர் மடத்தைத்தான் சொன்னாள். எங்கள் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அதன் கோபுரம் தெரியும். எங்கள் முன்னோர்கள் அந்த மடத்தின் அடிமைகள். ஒரு பிரபு அந்த மடத்தைக் கட்டி, அதற்குத் திராட்சைத் தோட்டமும் மாவு ஆலையும் தேன் பெட்டிகளும் எழுதிவைத்தபோது, கூடவே எங்கள் குடும்பங்களையும் எழுதிவைத்தார். அவர்கள் இரும்படித்தார்கள், கல் சுமந்தார்கள், அந்தப் பெரிய சமையல்கட்டில் வெந்தார்கள். செத்தபோது சுவருக்கு வெளியே புதைக்கப்பட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிரபுவின் பெயரை மட்டும் இன்றுவரை ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் படித்து, அவர் ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறார்கள். திருநாட்களில் நாங்கள் மலைக்கு ஏறிப் போவோம். அந்தப் பெயர் வரும்போது எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பவுனா தலைத்துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் எப்படித் துணி அவிழ்கிறது என்று கேட்டேன். "அந்தாளு பேரைக் கேட்டா காத்து அடிக்குதுடி" என்றாள்.

ஒவ்வொரு பிப்ரவரி இருபதாம் தேதியும், நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் அடிமைத்தனம் ஒழிந்ததை நினைக்கிற எங்கள் விடுதலை நாள். நகராட்சி மண்டபத்தில் கொடி ஏற்றிப் பேசுவார்கள், பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள், காப்பியும் பிஸ்கோத்தும் கொடுப்பார்கள். போன வருஷம் பேச்சு வழக்கத்தைவிடச் சூடாகப் போனது. எங்கள் தெருவிலிருந்து படித்து வக்கீலான டெலியா எழுந்து, விடுதலை வந்தபோது அடிமைகளை வைத்திருந்த பிரபுக்களுக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவென்று தங்கக் காசு கொடுத்தது, விடுதலையானவர்களுக்கு ஒரு பிடி மண்கூடக் கொடுக்கவில்லை என்றாள். மடத்து அடிமைகளைச் சில வருஷம் முன்பே விட்டார்கள். அவர்களும் வெறுங்கையோடுதான் மலையிறங்கினார்கள். அப்போது குடிசை போட்ட இடத்தில்தான் இன்றும் நம் தெரு இருக்கிறது, இன்றும் பத்திரம் இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. இதற்கெல்லாம் ஈடு கேட்க வேண்டும் என்றாள்.

"எனக்கு ஈடா ஒரு வரிசைப் பல்லு கட்டிக் குடுங்க, போதும்," என்றான் அக்கார்டியன் வாசிக்கிற நஸ்தாசே. "எங்க தாத்தனுக்குத் தாத்தன் கடிச்ச காஞ்ச ரொட்டியில தேஞ்சது, எனக்கு வரைக்கும் வந்துடுச்சு."

மண்டபம் சிரித்தது. நகராட்சியில் பெருக்குகிற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "பழசைக் கிளறாதீங்கப்பா. இருக்கற வேலையும் போயிடும். நல்லதா நாலு பாட்டுப் பாடிட்டு வீட்டுக்குப் போவோம்."

மடத்துத் தலைவி தியோஃபனா அம்மாவையும் அழைத்திருந்தார்கள். ஒல்லியான உடம்பு, நேரான முதுகு. நல்ல ஜெபக்காரர், அவர் மேல் எனக்கு எப்போதும் பக்தி உண்டு. அவர் எழுந்து, "அது பாவம்தான். மறுக்க மாட்டேன். அதுக்காக ஜெபிக்கிறோம். ஆனா அந்த நிலத்தையெல்லாம் அப்பவே அரசாங்கம் எடுத்துக்கிச்சு. மிச்சத்தைக் கம்யூனிஸ்ட்காரங்க எடுத்தாங்க. இப்ப அங்கே இருக்கறது முட்டி வலிக்கற கொஞ்சம் கிழவிங்க. நாங்க எதைக் குடுக்க?" என்றார். சொன்னதில் பொய் இல்லை.

பின்னால் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த பவுனா கையைத் தூக்கினாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு மகளே."

"அந்த மடத்துச் சுவர் யாரு தூக்கின கல்லு?"

"உங்க ஆளுங்க."

"அந்தச் சுவருக்குள்ள இப்ப யாரு இருக்கா?"

"நாங்க."

"அப்ப எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கலயே அம்மா. சொத்தை எடுத்தவங்கதானே சோறு போடணும்? எங்க ஆளுங்க செத்து இவ்வளவு காலமாச்சு. அவங்க பேர்ல ஒரு கிண்ணம் பீன்ஸ் யாரும் போடல. பசியோட இருக்காங்கம்மா."

நகராட்சிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "நாம ஈடு பத்திப் பேசறோம். இவங்க சாப்பாட்டைப் பத்திப் பேசறாங்க." பவுனாவின் முகம் சிவந்தது. அவளைவிட அதிகம் கோபப்பட்டது டெலியாதான். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அத்தை இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு வேளைச் சோத்தைப் போட்டுட்டு, முடிஞ்சது கணக்குன்னு கையைக் கழுவிடுவாங்க. நாம தண்ணியும் பத்திரமும் கேக்கணும், பீன்ஸ் இல்ல!"

"சோறு போட்டா கணக்கு முடிஞ்சதுன்னு யாருடி உனக்குச் சொன்னா? சட்டப் புத்தகமா? நம்ம வழக்கத்துல சோறு போடறவன் என்ன சொல்றான்? ஆமா, நான்தான் எடுத்துக்கிட்டேன், இது என் பொறுப்புன்னு ஊரறியச் சொல்றான். ஒரு தடவை போட்டவன் ஏழு வருஷம் போடணும். வருஷா வருஷம் நம்ம கண்ணைப் பாத்துப் போடணும். அப்படிப் பாத்துக்கிட்டு எவ்வளவு நாளைக்குத் தண்ணி குடுக்காம இருப்பாங்க?"

டெலியா ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களை நம்பி நான் மனு எழுதாம இருக்க மாட்டேன் அத்தை" என்றாள்.

"எழுதுடி கண்ணு. நீ எழுது. நான் கேக்கறேன். ரெண்டு பக்கமும் கதவு தட்டுவோம்."

அந்த வருஷம் முழுக்கப் பவுனா காத்திருந்தாள். சொல்ல மாட்டாள், ஆனால் சாவு வீட்டில் கொப்பரையைக் கிண்டும்போதுகூட மலைக் கோபுரத்தின் பக்கமாகத்தான் நிற்பாள். இந்த ஜனவரியில் மடத்திலிருந்து ஆள் வந்தது. தலைவி அம்மா சம்மதித்துவிட்டார், பிப்ரவரி இருபதாம் தேதி மடத்திலேயே ஆத்துமச் சோறு, வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பவுனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெங்காயம் இல்லாமல் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். இருவருமாக மலை ஏறினோம்.

தியோஃபனா அம்மா சந்தோஷமாக எங்களைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனார். கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். புதிதாக வாங்கிய பெரிய பாத்திரம் ஒன்று பளபளவென்று இருந்தது. ஆணியில் இஸ்திரி போட்ட வெள்ளை ஏப்ரன் ஒன்று தொங்கியது.

"எல்லாம் உனக்காகத்தான் மகளே. இந்தப் பக்கத்துல உன்னைவிட நல்லா யாரு சமைப்பா? கூலியும் நல்லாவே குடுத்துடறோம்."

பவுனா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்கவில்லை. கல் படி அது. நடுவில் கிண்ணம்போல் தேய்ந்து குழிந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தப் படியைத் தேய்ச்சது எங்க ஆளுங்க காலு. அவங்க சமைச்சாங்க, இங்கே இருந்தவங்க உக்காந்து சாப்பிட்டாங்க. இப்ப அவங்க ஆத்துமாவுக்கே நான் வந்து சமைச்சா, அப்புறம் என்னம்மா மாறிச்சு?"

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. கெட்ட எண்ணம் எதுவும் அவரிடம் இல்லை. மரியாதை செய்வதாக நினைத்துத்தான் அந்த ஏப்ரனை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். "நான் அப்படி யோசிக்கல மகளே," என்றார். பிறகு, "ஆனா எங்களுக்குக் கூட்டத்துக்குச் சமைக்கத் தெரியாதே" என்றார்.

"எங்க ஆளுங்களுக்கும் மொத நாள் தெரிஞ்சிருக்காதும்மா."

நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். தியோஃபனா அம்மா போய் ஆணியிலிருந்த ஏப்ரனை எடுத்தார். மடித்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டார். "போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

இறங்கும்போது பவுனா பாதி வழியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "அதிகம் பேசிட்டேனா டிங்கா? இனிமே கதவை அடைச்சிட்டாங்கன்னா? இத்தனை காலம் பட்டினி கெடந்தவங்களுக்குக் கிடைக்கப் போன சோத்தை, என் வாயாலேயே தட்டி விட்டுட்டேனா?" எனக்கும் தெரியவில்லை. ஜெபம் செய்வோம் என்றேன். "நீ ஜெபம் பண்ணு. உன் குரல்தான் மெதுவா இருக்கும். என் குரல் கேட்டா ஆண்டவரே பயந்துடுவார்" என்றாள்.

பிப்ரவரி இருபது. பனி விழுந்திருந்தது. கொப்பரைகள் இல்லாமல் முதல்முறையாக மலை ஏறிய டாச்சியா, காலியான வயிற்றோடு தடதடவென்று ஆடியது. கதவு திறந்திருக்குமா என்று கடைசி வளைவு வரை பவுனா வாயே திறக்கவில்லை. ஃபிரு பயந்துபோய் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். வளைவு திரும்பியதும் சமையல்கட்டுப் புகைபோக்கியில் கறுப்புப் புகை தெரிந்தது. "கருகுது," என்றாள் பவுனா. முகமெல்லாம் சிரிப்பு. "டிங்கா, என்னமோ கருகுதுடி!"

மடத்துச் சாப்பாட்டு மண்டபத்தின் சுவரில் பிரபு ஓவியமாக நிற்கிறார். கையில் சின்னக் கோயிலைப் பொம்மைபோல் ஏந்திக்கொண்டு, பக்கத்தில் மனைவி மக்களோடு. அவருக்குக் கீழே நீளமான மேசைகளில் எங்கள் தெரு முழுவதும் உட்கார்ந்திருந்தது. நஸ்தாசே, டெலியா, பழசைக் கிளறாதீர்கள் என்ற அந்தப் பெண்ணும்கூட. கன்னியர்கள் மாவும் புகையும் அப்பிய அங்கிகளோடு பரிமாறினார்கள். கோஸ் சுருள்கள் அவிழ்ந்து, சோறு வேறு, கறி வேறு, இலை வேறாகக் கிடந்தன. சோளக் களியில் கட்டி இருந்தது. பவுனா மட்டும் சுவரோரம் நின்றிருந்தாள்.

தியோஃபனா அம்மா ஒரு கிண்ணத்தோடும் மெழுகுவத்தியோடும் அவள் முன்னால் வந்து நின்றார். இடுப்பில் அந்த ஏப்ரன். இப்போது அது வெள்ளையாக இல்லை. விரலில் சூட்டுப் புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தது.

"உக்காரு மகளே."

"பரவால்லம்மா, நிக்கறேன். பழக்கம்."

"நீ நின்னா நான் எப்படிப் போடறது?"

டெலியா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க அத்தை. கர்னல் இன்னிக்கு வரல." பவுனா பெஞ்சின் ஓரத்தில், சுடுகல்லின் மேல் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள்.

அந்த அம்மா கிண்ணத்தை அவள் கையில் வைத்தார். குரல் மண்டபம் முழுவதும் கேட்டது. "எங்க மடம் அடிமையா வச்சிருந்தவங்களோட ஆத்துமாவுக்கு. பேர் எங்களுக்குத் தெரியாது. நாங்க கேட்டு வச்சுக்கல. ஆண்டவருக்குத் தெரியும்."

யாரும் கரண்டியை எடுக்கவில்லை. பவுனா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு உருகி அவள் கட்டைவிரலில் விழுந்தது, அவள் அசையவில்லை. வாங்கிவிட்டாள், வார்த்தை வரவில்லை. அது வராவிட்டால் சோறு போய்ச் சேராது; அந்த அம்மாவுக்கும் அது தெரியும், நின்றபடியே காத்திருந்தார். கடைசியில் பவுனா நிமிர்ந்தாள். முதலில் சுவரிலிருந்த பிரபுவைப் பார்த்தாள், பிறகு தலைவி அம்மாவைப் பார்த்தாள்.

"ஆண்டவர் மன்னிக்கட்டும்," என்றாள். பிறகு ஒரு விரலைத் தூக்கி, "செத்துப்போன எங்க ஆளுங்களை. மத்தவங்களைப் பத்தி அப்புறமா பேசிக்கலாம்."

முதலில் சிரித்தது டெலியா. அடுத்தது தியோஃபனா அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஒரு வாய் சாப்பிட்டதும் எங்கள் தெரு மொத்தமும் பவுனாவைத் திரும்பிப் பார்த்தது. உப்பே இல்லை. கன்னியர்கள் போட மறந்துவிட்டார்கள். பவுனாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. துணிப் பையைத் தொட்டது, முடிச்சில் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அந்தக் கை கீழே இறங்கி ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டது. உப்பில்லாத அந்தச் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை உட்கார்ந்தபடியே சாப்பிட்டாள். கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா" என்றாள்.

அன்று மேசையின் ஒரு மூலையில் டெலியாவும் தலைவி அம்மாவும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மடத்து நிலத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் குழாய் இறக்கலாமா என்று பேச்சு. ஈஸ்டர் முடிந்ததும் மலைச்சரிவில் அளவுக் குச்சிகள் நட்டுவிட்டார்கள். தண்ணீர் இன்னும் வரவில்லை, குச்சிகள் வந்திருக்கின்றன. தினமும் காலையில் அவை அங்கேயே இருக்கின்றனவா என்று எங்கள் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பத்திரத்துக்கான மனு நகராட்சியில் கிடக்கிறது. டெலியா விடுவதாக இல்லை. பூசையில் பிரபுவின் பெயர் வரும்போது பவுனாவுக்கு இன்னும் காற்றடிக்கிறது, தலைத்துணி இன்னும் அவிழ்கிறது.

மே மாதத்தில் அவள் ஸ்பெயினுக்குப் புறப்பட்டாள். சரகோசாவில் இருக்கிற மகளுக்குப் பிரசவம். எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது. சந்தைக்கு முன்னால் பேருந்து நின்றது. ஃபிரு பெட்டிகளை ஏற்றினான். கர்னலையும் ஏற்றப் பார்த்தாள். ஓட்டுநர் கும்பிட்டுக் கெஞ்சியதால் விட்டுவிட்டாள். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டவள், படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கழுத்திலிருந்து மாதாவின் பதக்கத்தை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு, உப்புப் பையை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தன் கையாலேயே மூடினாள்.

"பிப்ரவரிக்குள்ள நான் வரலேன்னா நீ மலைக்குப் போ டிங்கா. இதை அந்த அம்மாகிட்டக் குடு, எவ்வளவு போடணும்னு வாசல்ல நின்னு சொல்லு. சமைக்கக் கூப்பிட்டா மட்டும் உள்ளே போயிடாதே. நீ உக்காந்து சாப்பிடு."